எஸ்எஸ்டி ஏன் போகப் போகத் தொங்குகிறது? ஜிசியைச் சீராக்குவது பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இது: “எங்கள் டேட்டாபேஸ் சர்வருக்கு 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி ஒன்று வாங்கிப் போட்டோம். முதல் இரண்டு மாதம் பறந்தது. இப்போது டிஸ்க் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது. சராசரி வேகம் பரவாயில்லை, ஆனால் நூற்றில் ஒரு ரைட் (எழுதும் கோரிக்கை) பல மில்லிசெகண்ட் தொங்கி நிற்கிறது. டிஸ்குக்குள் நடக்கும் கார்பேஜ் கலெக்ஷன்தான் (ஜிசி) காரணம் என்கிறார்கள். அதன் திறனைக் கூட்ட ஏதாவது செட்டிங் இருக்கிறதா?”

செட்டிங் என்று தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஜிசி எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேருக்குள், அதாவது டிஸ்கிலேயே பதிந்திருக்கும் மென்பொருளுக்குள் ஓடுகிறது, அதன் திருகுகள் எதுவும் நம் கைக்கு எட்டாது. ஆனால் அது எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் நாம்தான் தீர்மானிக்கிறோம். எந்த டேட்டாவை எதன் பக்கத்தில் எழுதினோம், எவ்வளவு இடம் காலியாக விட்டோம், அழித்ததை டிஸ்கிடம் சொன்னோமா என்ற மூன்றையும் பார்த்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். பல வருடம் ஸ்டோரேஜ் பக்கம் வேலை பார்த்ததில், ஜிசி அல்காரிதத்தை மாற்றிக் கிடைத்த லாபத்தைவிட எழுதும் இடத்தை மாற்றிக் கிடைத்த லாபம்தான் எனக்கு எப்போதும் பெரிதாக இருந்திருக்கிறது. அது ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

எஸ்எஸ்டி டேட்டாவை வைத்திருக்கும் ஃபிளாஷ் மெமரியில் ஒரு விசித்திரமான கட்டுப்பாடு உண்டு. எழுதுவது பேஜ் கணக்கில், பெரும்பாலும் 4 முதல் 16 கேபி. அழிப்பது பிளாக் கணக்கில், நூற்றுக்கணக்கான பேஜ்கள் சேர்ந்த பல எம்பி. ஏற்கனவே எழுதிய பேஜின் மேலேயே திரும்ப எழுத முடியாது, முழு பிளாக்கையும் அழித்தால்தான் முடியும். அதனால் நீங்கள் ஒரு ரெக்கார்டை அப்டேட் செய்யும்போது எஸ்எஸ்டி புதிய மதிப்பை வேறோர் இடத்தில் எழுதுகிறது. தன் முகவரி அட்டவணையை மாற்றிக்கொள்கிறது. பழைய பேஜுக்கு ‘செல்லாது’ என்று முத்திரை குத்திவிடுகிறது. (இந்த அட்டவணையே சிறியதல்ல. 4 கேபிக்கு 4 பைட் என்று வைத்தாலும் 1 டிபி டிஸ்குக்கு 1 ஜிபி டிராம், அதாவது டிஸ்குக்குள் இருக்கும் வேக மெமரி, வேண்டும். விலை குறைந்த டிஸ்குகள் டிராமே இல்லாமல் வருகின்றன. அவை தடுமாறுவதற்கு ஜிசி மட்டும் காரணமல்ல.)

இப்படியே போனால் காலி பிளாக்குகள் தீர்ந்துவிடும். அப்போது ஒரு பிளாக்கைத் தேர்ந்தெடுத்து, அதில் இன்னும் செல்லுபடியாகும் பேஜ்களை வேறிடத்துக்கு நகலெடுத்துவிட்டு, மொத்தத்தையும் அழிக்க வேண்டும். இதுதான் ஜிசி.

ஒரு லாட்ஜை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு விதி: காலியான அறையை உடனே வாடகைக்கு விட முடியாது, அந்தத் தளம் முழுவதும் காலியானால்தான் கழுவித் துடைத்துத் திறப்பார்கள். ஒரு தளம் முழுவதும் கல்யாணத்துக்கு வந்தவர்கள் தங்கியிருந்தால் கவலையே இல்லை. முகூர்த்தம் முடிந்து மத்தியானச் சாப்பாடு ஆனதும் எல்லாரும் ஒன்றாகக் கிளம்பிவிடுவார்கள், தளம் தானாகக் காலி. ஆனால் அந்தக் கல்யாணக் கூட்டத்தையே ஒரு தளத்துக்கு நாலு பேராகப் பிரித்துப் போட்டு, நடுநடுவே மாத வாடகைக்காரர்களையும் வைத்தால்? ஒவ்வொரு தளத்திலும் சில அறைகள் பூட்டிக் கிடக்கும், எந்தத் தளமும் முழுதாகக் காலியாகாது. மேனேஜர் மாத வாடகைக்காரர்களின் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு தளம் தளமாக அலைய வேண்டியதுதான். அலைச்சலுக்கு மேனேஜரைக் குறை சொல்லிப் பயனில்லை. வந்த அன்றைக்கே யாருக்கு எங்கே அறை கொடுத்தோம் என்பதில்தான் கோளாறு.

இந்த அலைச்சலுக்கு ஒரு கணக்கு உண்டு, ரைட் ஆம்ப்ளிஃபிகேஷன் என்பார்கள். சுருக்கமாக எழுத்துப் பெருக்கம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 1 ஜிபி எழுதச் சொன்னதற்கு ஃபிளாஷில் உண்மையில் எத்தனை ஜிபி எழுதப்பட்டது என்ற விகிதம். ஜிசி தேர்ந்தெடுக்கும் பிளாக்குகளில் சராசரியாகப் பாதி பேஜ்கள் செல்லுபடியானவை என்றால், பாதியை நகலெடுத்துப் பாதியை மீட்கிறோம், பெருக்கம் 2. எண்பது சதவீதம் செல்லுபடியானவை என்றால் 5. தொண்ணூறு என்றால் 10. கவனியுங்கள், இது நேர்கோட்டில் ஏறும் கணக்கல்ல. எண்பதிலிருந்து தொண்ணூறுக்குப் போகும் அந்தச் சின்ன நகர்வில் வேலை இரண்டு மடங்காகிறது. உங்கள் டிஸ்க் இரண்டு மாதம் பறந்துவிட்டுத் திடீரென்று படுத்துக்கொண்டதாகத் தோன்றுவதற்குக் காரணம் இந்த வளைவுதான்.

பெருக்கம் இரண்டு விதத்தில் அடிக்கிறது. ஒன்று ஆயுள். ஃபிளாஷ் செல்களை இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்ற எல்லை உண்டு. ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகையில் அது ஆயிரங்களில் இருக்கும், நான்கு பிட் வைக்கும் க்யூஎல்சியில் அதைவிடக் குறைவு. பெருக்கம் 5 என்றால் டிஸ்க் ஐந்து மடங்கு வேகமாகத் தேய்கிறது. இன்னொன்று நீங்கள் கேட்ட தொங்கல். ஒரு பேஜை வாசிக்கப் பல பத்து மைக்ரோசெகண்ட் ஆகும், எழுதச் சில நூறு மைக்ரோசெகண்ட், ஒரு பிளாக்கை அழிக்கச் சில மில்லிசெகண்ட். உங்கள் கோரிக்கை போய்ச் சேரும் சிப்பில் அந்த நேரத்தில் ஒரு அழிப்பு நடந்துகொண்டிருந்தால் அது வரிசையில் நிற்க வேண்டியதுதான். சராசரியில் இது தெரியாது. நூற்றில் ஒன்றில்தான் தெரியும், நீங்கள் பார்த்ததும் அதையேதான்.

சரி, எந்த பிளாக்கைத் தேர்ந்தெடுப்பது? யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, ‘செல்லாத பேஜ் அதிகமாக இருக்கும் பிளாக்கை எடு’ என்பதுதான். பேராசை முறை. இது போதாது என்பது எஸ்எஸ்டி கடைக்கு வருவதற்கு வெகு காலம் முன்பே தெரிந்துவிட்டது. பெர்க்லியில் மெண்டல் ரோசன்ப்ளமும் ஜான் ஓஸ்டர்ஹவுட்டும் ஸ்பிரைட் இயங்குதளத்துக்காக ஒரு ஃபைல் சிஸ்டம் கட்டி, 1991-ல் அதைப் பற்றி எழுதினார்கள். அதில் டிஸ்க் முழுவதும் ஒரே நீண்ட லாக். எதையும் இருந்த இடத்தில் திருத்துவதில்லை, புதியது எல்லாம் லாக்கின் நுனியில் போகும், பழைய பகுதிகளைச் சுத்தம் செய்து மீட்க வேண்டும். அவர்கள் கையில் இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். பிரச்சினை மட்டும் இன்றைய எஸ்எஸ்டியின் அச்சு அசல்.

அவர்கள் சிமுலேஷனில் 10 சதவீத ஃபைல்களுக்கு 90 சதவீத ரைட்கள் போகும்படி வைத்துப் பார்த்தார்கள். சில ஃபைல்கள் மட்டும் அடிக்கடி மாறினால் சுத்தம் செய்வது சுலபமாகும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது நேர்மாறு. எல்லா ஃபைல்களும் சமமாக மாறும் நிலையைவிடப் பேராசை முறை மோசமாக வேலை செய்தது.

காரணம் யோசித்தால் புரியும். அடிக்கடி மாறும் சூடான டேட்டா இருக்கும் பகுதி சீக்கிரமே காலியாகி, ஜிசி கண்ணில் பட்டு, மீட்கப்படுகிறது. மாறாத குளிர்ந்த டேட்டா இருக்கும் பகுதியோ மெதுவாக, மிக மெதுவாகத்தான் காலியாகிறது. ஜிசியின் வாசல் வரை வந்துவிட்டு, அதற்குச் சற்று மேலேயே பல நாள் தேங்கி நிற்கும். இப்படி ஏராளமான பகுதிகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் காலியிடம் முடங்கிப் போகிறது. யாருக்கும் பயன்படாத காலியிடம்.

அவர்கள் கண்ட தீர்வு எனக்கு இன்றைக்கும் அழகாகப் படுகிறது. குளிர்ந்த பகுதியில் மீட்கும் காலியிடம் நீடித்து நிற்கும், அதனால் அதற்கு மதிப்பு அதிகம். சூடான பகுதியை இன்னும் கொஞ்சம் விட்டுவைத்தால் அதுவே காலியாகும், அவசரப்பட்டு நகலெடுப்பது வீண் வேலை. ஆகவே கிடைக்கும் இடத்தை டேட்டாவின் வயதால் பெருக்கி, ஆகும் செலவால் (முழுவதையும் வாசிக்க 1, அதோடு நிரம்பிய பங்கைத் திரும்ப எழுதும் செலவு) வகுத்து, எதற்கு மதிப்பெண் அதிகமோ அதை எடு. ஒரு சூடான பிளாக் 60 சதவீதம் நிரம்பியிருக்கிறது, வயது 10 வினாடி என்று வையுங்கள். இடம் 0.4, பெருக்கல் 10, வகுத்தல் 1.6, மதிப்பெண் 2.5. குளிர்ந்த பிளாக் 85 சதவீதம் நிரம்பியது, வயது 1000 வினாடி. 0.15 பெருக்கல் 1000, வகுத்தல் 1.85, ஏறத்தாழ 81. பேராசை முறை முதலாவதை எடுக்கும், இது இரண்டாவதை எடுக்கும். அவர்கள் சிமுலேஷனில் இந்த முறை குளிர்ந்த பகுதிகளைச் சுமார் 75 சதவீதம் நிரம்பியிருக்கும்போதே சுத்தம் செய்தது, சூடானவற்றை 15 சதவீதத்துக்கு இறங்கும் வரை விட்டுவைத்தது. எழுதும் செலவு பேராசை முறையைவிடப் பாதி வரை குறைந்தது.

அந்த ஆய்வில் அதிகம் பேசப்படாத இன்னொரு சேதி எனக்குப் பிடிக்கும். சிஸ்டத்தை உண்மையான பயனாளர்களுக்குக் கொடுத்து அளந்தபோது, சுத்தம் செய்யப்பட்ட பகுதிகளில் பாதிக்கு மேல் அறவே காலியாக இருந்தன, நகலெடுக்க எதுவுமே இல்லை. ஏனென்றால் நிஜ வாழ்க்கையில் மனிதர்கள் ஃபைலை முழுசாக எழுதுகிறார்கள், முழுசாக அழிக்கிறார்கள். பகுதி முழுவதும் ஒரே ஃபைலாக இருந்தால் ஒரே நேரத்தில் காலி. கல்யாண வீட்டார் கதைதான்.

இந்த வழியிலேயே இன்னும் ஓரடி வைத்தால் கிடைப்பதுதான் பிரித்து எழுதுவது. இதில் மிக மலிவான, ஆனால் பலரும் தவறவிடும் ஒரு படி இருக்கிறது. ஜிசி நகலெடுக்கும் பேஜ்களையும் பயனாளர் புதிதாக எழுதும் பேஜ்களையும் ஒரே பிளாக்கில் கலக்காதீர்கள். ஒரு சுத்திகரிப்பைத் தாண்டிப் பிழைத்த பேஜ் என்றால் அது நீண்ட நாள் இருக்கப்போகும் ஆசாமி என்பதற்கு அதுவே சாட்சி. அதைக் கொண்டுபோய் அரை மணி நேரத்தில் மாறப்போகும் புதிய டேட்டா பக்கத்தில் உட்கார வைத்தால் சுற்று திரும்ப ஆரம்பமாகிவிடும். நீங்களே ஒரு லாக் வடிவ ஸ்டோரேஜ் எழுதிக்கொண்டிருந்தால், இரண்டு நுனிகளை வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று புதிய ரைட்டுக்கு, மற்றது ஜிசிக்கு. சில பத்து வரிகள் கூடும், அவ்வளவுதான்.

அதற்கு மேலும் போகலாம். 2022-ல் வெளியான செப்பிட் என்ற முறை ஒரு எளிய ஊகத்தை வைத்து வேலை செய்கிறது. ஒரு முகவரியில் போன முறை எழுதிய மதிப்பு சீக்கிரமே மாற்றப்பட்டிருந்தால், இந்த முறை எழுதுவதும் சீக்கிரமே மாற்றப்படும். அந்த முன் வாழ்நாளைப் பார்த்து புதிய ரைட்களைப் பிரிக்கிறது, ஜிசி பிழைத்தவற்றை வயதைப் பார்த்துப் பிரிக்கிறது. அலிபாபா, டென்சென்ட் கிளவுட்களின் உண்மையான பதிவுகளை ஓட்டிப் பார்த்து இது பலிக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். சூடு, குளிர் என்று வெறுமனே அணுகல் எண்ணிக்கையை எண்ணுவதைவிட, ‘இது எப்போது செல்லாமல் போகும்’ என்று கேட்பது சரியான கேள்வி. ஒரு டேட்டாவை அடிக்கடி வாசிக்கிறார்கள் என்பதற்கும் ஜிசிக்கும் சம்பந்தமே கிடையாது. இந்த இடத்தில் நிறையப் பேர் குழம்புவதைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்எஸ்டிக்குள் இருக்கும் ஃபர்ம்வேர் இதையெல்லாம் ஊகிக்கத்தான் முடியும். அதற்குத் தெரிவது முகவரி எண்கள் மட்டுமே. எது டேட்டாபேஸ் லாக், எது தற்காலிக ஃபைல், எது பத்து வருடம் வைக்கப்போகும் காப்பகம் என்பது நமக்குத்தான் தெரியும். நமக்குத் தெரிந்ததை டிஸ்கிடம் எப்படிச் சொல்வது என்பதில்தான் கடந்த பதினைந்து ஆண்டுகளாகப் பல முயற்சிகள் நடந்திருக்கின்றன.

முதலாவது, இன்றைக்கும் மிக முக்கியமானது, டிரிம். நீங்கள் ஒரு ஃபைலை அழிக்கும்போது ஃபைல் சிஸ்டம் தன் கணக்குப் புத்தகத்தில்தான் அடித்துக்கொள்கிறது, டிஸ்குக்கு அது தெரியாது. அந்தப் பேஜ்கள் இன்னும் செல்லும் என்று நினைத்து எஸ்எஸ்டி அவற்றை பிளாக் பிளாக்காகச் சுமந்துகொண்டு திரியும். டிரிம் கட்டளைதான் ‘இது இனி வேண்டாம்’ என்று சொல்லும் வழி. விண்டோஸில் 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதலே இது இருக்கிறது. லினக்ஸில் வாரத்துக்கு ஒருமுறை டிரிம் அனுப்பும் எஃப்எஸ்ட்ரிம் கட்டளை ஓடும்படி பல டிஸ்ட்ரோக்கள் வைத்திருக்கின்றன. ஆனால் இருக்கிறது என்பதால் போய்ச் சேருகிறது என்று அர்த்தமல்ல. நடுவில் குறியாக்க அடுக்கு இருந்தால் (லினக்ஸின் லக்ஸ் டிரிமை இயல்பாகக் கீழே விடாது, தனியாக அனுமதி தர வேண்டும்), ரெய்டு கார்டு இருந்தால், விர்ச்சுவல் மெஷின் டிஸ்க் இருந்தால், எங்கோ ஓரிடத்தில் டிரிம் காணாமல் போயிருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எனக்கு நேர்ந்தது ஒன்றைச் சொல்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு சர்வர் இப்படித்தான் தொங்கியது. நாங்கள் டேட்டாபேஸ் குறியீடுகள், நெட்வொர்க், கர்னல் என்று ஒரு வாரம் அலசினோம். டிஸ்கில் பாதிக்கு மேல் காலி என்று டிஎஃப் கட்டளை காட்டிக்கொண்டே இருந்ததால் டிஸ்க் மேல் சந்தேகமே வரவில்லை. கடைசியில் பார்த்தால் குறியாக்க அடுக்கு டிரிமை விழுங்கிவிட்டிருக்கிறது. எஸ்எஸ்டியின் பார்வையில் அந்த டிஸ்க் பல மாதமாக முழுசாக நிரம்பிக் கிடந்தது. ஒரு அனுமதியை மாற்றி ஒருமுறை டிரிம் ஓட்டியதும் அன்று இரவே சரியாகிவிட்டது. அந்த ஒரு வாரத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் வந்தவை டேட்டாவுக்கு முத்திரை குத்தும் முறைகள். 2014-ல் சாம்சங் ஆராய்ச்சியாளர்கள் மல்டி ஸ்ட்ரீம் என்ற யோசனையை வைத்தார்கள். ஒவ்வொரு ரைட்டுடனும் ஒரு எண் வரும், ஒரே எண் கொண்டவை ஒரே பிளாக்குகளில் போகும். பின்னால் என்விஎம்இ தரத்திலும் சேர்ந்தது, ஆனால் பயன்பாடு பரவவில்லை. அடுத்து 2020-ல் என்விஎம்இ தரமாக ஏற்கப்பட்ட ஜோன்ட் நேம்ஸ்பேஸ் இன்னும் ஒரேயடியாகப் போனது. டிஸ்க் பெரிய பெரிய ஜோன்களாக நம் கண்முன் வரும், ஒவ்வொன்றிலும் வரிசையாகத்தான் எழுத முடியும், முடிந்ததும் முழு ஜோனையும் நாமே அழிக்க வேண்டும். டிஸ்குக்குள் ஜிசி அநேகமாக மறைந்துவிடும், அந்தப் பொறுப்பு மொத்தமும் நம் தலைமேல் வரும். இதற்கு மென்பொருளைத் திருத்தி எழுத வேண்டும், அதனால் சாதாரண ஆட்கள் தயங்குகிறார்கள். தயங்குவது நியாயம்தான்.

2022 இறுதியில் வந்த எஃப்டிபி (ஃப்ளெக்சிபிள் டேட்டா பிளேஸ்மென்ட்) இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கூகுள், மெட்டா இரண்டும் தனித்தனியாக யோசித்துக்கொண்டிருந்ததை ஒன்றாக்கி உருவானது. பழைய ரேண்டம் ரைட் அப்படியே நடக்கும், விருப்பமிருந்தால் ரைட்டுடன் ஓர் அடையாளத்தைச் சேர்க்கலாம், ஒரே அடையாளம் உள்ளவை ஒன்றாக மீட்கக்கூடிய ஒரே அலகில் போய் உட்காரும். தெரியாத மென்பொருள் எதுவும் உடையாது. உங்கள் அடுத்த டிஸ்க் வாங்கும்போது இந்த வசதி இருக்கிறதா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். இன்றைக்கு உங்கள் கையில் இருப்பதில் இருக்க வாய்ப்பு குறைவு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. லாக் மேல் லாக். எல்எஸ்எம் மரத்தில், அதாவது புதியதைத் தனி ஃபைல்களாக எழுதிவிட்டுப் பின்னால் மட்டம் மட்டமாக இணைக்கும் அமைப்பில், கட்டிய டேட்டாபேஸ் (ராக்ஸ்டிபி மாதிரி) தானே ஒரு லாக். கம்பாக்ஷன் என்ற பெயரில் தன் ஜிசியை ஓட்டுகிறது. அதன் கீழே எஃப்2எஃப்எஸ் போன்ற லாக் வடிவ ஃபைல் சிஸ்டம் இருந்தால் அதற்கொரு ஜிசி. அதற்கும் கீழே எஸ்எஸ்டி. மூன்று பேரும் ஒருவரைப் பற்றி ஒருவர் அறியாமல் ஒரே டேட்டாவை இடம் மாற்றிக்கொண்டிருப்பார்கள். பெருக்கங்கள் கூட்டலில் சேராது, பெருக்கலில் சேரும். டேட்டாபேஸ் அடுக்கில் 10, எஸ்எஸ்டி அடுக்கில் 3 என்றால் மொத்தம் 30. அதனால் ஒரு அடுக்கில் மட்டும் திருகிப் பார்த்துவிட்டு ‘ஒன்றும் பெரிதாக மாறவில்லை’ என்று சொல்வதில் பொருளில்லை. எது பெரிய எண் என்று முதலில் அளக்க வேண்டும்.

எல்எஸ்எம்முக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அது ஃபைல்களை முழுசாக எழுதி முழுசாக அழிக்கிறது. மேல் மட்ட ஃபைல்கள் சில நிமிடம் வாழும், அடிமட்ட ஃபைல்கள் பல நாள். வாழ்நாள் எவ்வளவு என்பதை மட்டமே சொல்லிவிடுகிறது, எதையும் ஊகிக்க வேண்டாம். சிக்கல் என்னவென்றால் ராக்ஸ்டிபியின் வழக்கமான 64 எம்பி ஃபைல்கள் பல ஒரே நேரத்தில் எழுதப்படுகின்றன. எஸ்எஸ்டி பல சிப்களில் ஒரே நேரத்தில் எழுதுவதால் அதன் மீட்பு அலகு அதைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்கக்கூடும். மேல் மட்டமும் அடிமட்டமும் அங்கே கலந்துவிடுகின்றன. இங்கேதான் எஃப்டிபி அடையாளம் பலன் தரும். அது இல்லையென்றால் டேட்டாபேஸின் ரைட் அஹெட் லாக்கையும் (மாற்றங்களை முன்கூட்டியே பதிந்துவைக்கும் ஃபைல்) தற்காலிக ஃபைல்களையும் தனி டிஸ்கில் வைப்பது என்ற பழைய வைத்தியம் இருக்கவே இருக்கிறது. பாட்டி வைத்தியம் மாதிரிதான், ஆனால் வேலை செய்யும்.

இப்போது இடம். உங்கள் விஷயத்தில் இதுதான் முதல் குற்றவாளி என்று நினைக்கிறேன். ரைட்கள் டிஸ்க் முழுவதும் சமமாகச் சிதறினால், பேராசை முறையில் பெருக்கம் எவ்வளவு வரும் என்பதற்கு ஒரு தோராயச் சூத்திரம் உண்டு. உபரி இடத்தைப் பயன்படும் டேட்டாவால் வகுத்தால் வரும் விகிதத்துடன் ஒன்றைக் கூட்டி, அதே விகிதத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். சாதாரண டிஸ்குகளில் உபரி சுமார் 7 சதவீதம். (இந்த 7 எங்கிருந்து வந்தது என்றால், சிப்கள் 1024-இன் மடங்குகளில் வருகின்றன, கடைக்காரர் 1000-இன் மடங்குகளில் விற்கிறார், நடுவில் மிஞ்சுவது அது.) டிஸ்கை முழுசாக நிரப்பினால் 1.07-ஐ 0.14-ஆல் வகுக்கக் கிடைப்பது சுமார் 7.6. அதே டிஸ்கில் 90 சதவீதம் மட்டும் டேட்டா இருந்து, மீதி டிரிம் ஆகியிருந்தால், பெருக்கம் சுமார் 3.1. எண்பது சதவீதத்தில் நிறுத்தினால் ஏறக்குறைய 2. உண்மையான வேலைப்பளு சமமாகச் சிதறாது, எனவே இந்த எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். வளைவின் வடிவம் மட்டும் மாறாது. கடைசி இருபது சதவீதத்தை நிரப்புவதற்கு நாம் கொடுக்கும் விலை, முதல் எண்பதுக்குக் கொடுத்ததைவிட அதிகம்.

சர்வர்களுக்கென்று விற்கும் டிஸ்குகள் 960 ஜிபி, 800 ஜிபி என்று அரைகுறையான அளவுகளில் வருவதைக் கவனித்திருப்பீர்கள். உள்ளே 1 டிபிக்குக் குறையாமல் இருக்கும், மீதியை ஜிசிக்காக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நீங்கள் வாங்கியது 1 டிபி என்றால் அநேகமாகச் சாதாரண ரகம். அதையே நாமும் செய்துகொள்ளலாம். டிஸ்கை ஒருமுறை முழுசாக டிரிம் செய்துவிட்டு, பார்ட்டிஷன் போடும்போது 15, 20 சதவீதத்தைத் தொடாமல் விட்டுவிடுங்கள். ‘காசு கொடுத்து வாங்கிய இடத்தை ஏன் சும்மா விட வேண்டும்’ என்று மேலாளர் கேட்பார். சும்மா இல்லை, பேஜ்களை நகர்த்த அந்த இடம்தான் ஜிசிக்குக் கை கால் என்று சொல்லுங்கள்.

நேரம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் திறனும் தொங்கலும் இங்கே ஒன்றுக்கொன்று எதிராக இழுக்கும். ஜிசியை முடிந்தவரை தள்ளிப்போட்டால் அதற்குள் இன்னும் பல பேஜ்கள் தானாகச் செல்லாமல் போகும், நகலெடுக்கும் வேலை குறையும். ஆனால் காலி பிளாக் தீர்ந்த நொடியில் எல்லா ரைட்டும் நின்று, ஜிசி முடியும் வரை காத்திருக்கும். மறுபக்கம், ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் முந்திக்கொண்டு சுத்தம் செய்தால் தொங்கல் இருக்காது, ஆனால் இன்னும் ஒரு நிமிடத்தில் செத்துப் போகவிருந்த பேஜ்களையும் வேலை மெனக்கெட்டு நகலெடுப்போம். நானே ஒரு லாக் வடிவ ஸ்டோரேஜ் எழுதியபோது இந்தத் தவறைச் செய்தேன். இரவில் சிபியூ சும்மாதானே இருக்கிறது என்று ஜிசியை முழு வேகத்தில் ஓடவிட்டேன். தொங்கல் குறைந்தது, கிராஃப் பார்க்க அழகாக இருந்தது. டிஸ்கின் தேய்மான எண் மட்டும் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறிக்கொண்டிருந்ததைச் சில வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

கடைசியில் பலித்தது நடுவழி. காலி பிளாக் எண்ணிக்கைக்கு இரண்டு கோடுகள். மேல் கோட்டுக்கு மேலே இருந்தால் ஜிசி தூங்கட்டும். இரண்டுக்கும் நடுவில் வந்தால், ஒவ்வொரு ரைட்டுக்கும் இவ்வளவு என்று கொஞ்சம் கொஞ்சமாக ஜிசி வேலையைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டும், கீழ்க்கோட்டை நெருங்க நெருங்கப் பங்கு கூட வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகக் கடன் அடைப்பதற்குப் பதில் தினசரித் தவணை கட்டுவது போல. மொத்த வேலை அதேதான், ஆனால் எந்த ஒரு ரைட்டும் முழுச் சுமையையும் தாங்க வேண்டியதில்லை. எஃப்2எஃப்எஸ் இதே இழுபறியை வேறு விதமாகத் தீர்க்கிறது. இடம் நெருக்கடியாகி உடனடியாகச் சுத்தம் செய்ய நேர்ந்தால் பேராசை முறை, பின்னணியில் நிதானமாகச் செய்யும்போது வயது பார்க்கும் முறை. அவசரத்தில் எது சீக்கிரம் முடியுமோ அதைச் செய், நேரம் இருக்கும்போது யோசித்துச் செய். நியாயமான ஏற்பாடு.

சரி, உங்கள் சர்வருக்கு வருகிறேன். முதலில் அளவு. எஸ்எஸ்டி தன் நிலையைக் குறித்துவைக்கும் ஸ்மார்ட் பதிவில் நீங்கள் எழுதச் சொன்ன அளவு இருக்கும். என்விஎம்இயில் அது 512,000 பைட் கொண்ட அலகுகளில் எண்ணப்படும், எனவே பெருக்கிக்கொள்ளுங்கள். ஃபிளாஷில் உண்மையில் எழுதிய அளவு பொதுத் தரத்தில் இல்லை, தயாரிப்பாளர் தரும் தனிப் பதிவில் தேட வேண்டும். சர்வர் ரக டிஸ்குகளில் பெரும்பாலும் கிடைக்கும், சாதாரண ரகத்தில் சிலவற்றில் மட்டும். ஒரு வாரம் இடைவெளி விட்டு இரண்டையும் இருமுறை எடுத்து, வித்தியாசங்களை வகுத்தால் உங்கள் பெருக்கம் வந்துவிடும். வாங்கிய நாள் முதல் சேர்ந்த மொத்தத்தை வகுக்காதீர்கள், அதில் அந்த முதல் இரண்டு சுகமான மாதங்களும் கலந்திருக்கும்.

அடுத்து டிரிம் கீழே வரை போகிறதா என்று ஒவ்வொரு அடுக்காகப் பாருங்கள். எல்எஸ்பிஎல்கே கட்டளையில் டிஸ்கார்டு விவரத்தைக் கேட்டால் எந்த அடுக்கில் பூஜ்யம் வருகிறதோ அங்கேதான் அடைப்பு. அதைச் சரிசெய்து ஒருமுறை டிரிம் ஓட்டுங்கள், ரைட்கள் குறைவாக இருக்கும் நேரத்தில் ஓட்டினால் நல்லது. பிறகு டேட்டாவை 80 சதவீதத்துக்குக் கீழே இறக்குங்கள். பழைய பேக்கப், யாரும் பார்க்காத லாக், போன வருடத்து டம்ப் என்று எப்படியும் கொஞ்சம் கிடக்கும். இந்த இரண்டைச் செய்துவிட்டு ஒரு வாரம் பொறுத்துத் திரும்ப அளங்கள். அதற்குப் பின்னும் பெருக்கம் 3-க்கு மேல் நின்றால்தான் ரைட் அஹெட் லாக்கைப் பிரிப்பது, கம்பாக்ஷன் வேகத்துக்கு வரம்பு வைப்பது போன்றவற்றில் இறங்க வேண்டும்.

பெருக்கம் குறைந்தும் தொங்கல் நிற்கவில்லையென்றால் அது அநேகமாக ஜிசி அல்ல. டிஸ்க் சூடாகித் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்வது, சாதாரண ரகத்தில் இருக்கும் எஸ்எல்சி கேஷ் (ரைட்களை முதலில் வாங்கிக்கொள்ளும் வேகமான பகுதி) தீர்ந்துபோவது, ஒவ்வொரு கமிட்டுக்கும் ஃபிளஷ் (உடனே நிரந்தரமாக எழுதிவிடு என்ற கட்டளை) கேட்கும் டேட்டாபேஸுக்கு மின்தடை தாங்கும் கபாசிட்டர் இல்லாத டிஸ்க் தடுமாறுவது, இவை மூன்றும் வெளியிலிருந்து பார்த்தால் ஜிசி மாதிரியேதான் இருக்கும். கடைசியாகச் சொன்னதற்கு எந்த டிஸ்க் செட்டிங்கும் உதவாது, டிஸ்கைத்தான் மாற்ற வேண்டும்.

புதிய டிஸ்க் வாங்குவதாக முடிவெடுத்தால், பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பெஞ்ச்மார்க் ஓட்டி மயங்காதீர்கள். காலி டிஸ்கில் ஜிசிக்கு வேலையே இல்லை. ஸ்டோரேஜ் துறை அமைப்பான எஸ்என்ஐஏ வகுத்த சோதனை முறையில், முதலில் டிஸ்கின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு எழுதி நிரப்பிவிட்டு, அதன் பிறகு எண்கள் தொடர்ந்து ஐந்து சுற்றுகளுக்கு நிலைபெற்றால்தான் கணக்கில் எடுப்பார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள், சராசரியை விட்டுவிட்டு நூற்றில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். ஒரு வாரம் கழித்து அளந்த அந்த இரண்டு எண்களையும் டிஸ்க் மாடலையும் இங்கே போட்டால் மேற்கொண்டு பார்க்கலாம்.